பெய்ஜிங் 2022 ஃபிகர் ஸ்கேட்டிங் அணிப் போட்டி: 74-ல் 20 போனால் 54 சரி, கனடாவுக்கு வெண்கலம் ஏன் வரவில்லை?

#1 வெண்தளம்

பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக் அணிப் போட்டியோட இன்றைய முடிவுப் பட்டியல்: அமெரிக்கா 65, ஜப்பான் 63, ஆர்ஓசி (ரஷ்ய அணி) 54, கனடா 53. 2022 பிப்ரவரி 7 அன்னைக்கு அரங்கத்துல அறிவிச்சது வேற: ஆர்ஓசி 74, அமெரிக்கா 65, ஜப்பான் 63, கனடா 53.

காரணம், ரஷ்ய வீராங்கனை கமிலா வலியேவாவோட முடிவுகள் ஊக்கமருந்து வழக்குல ரத்தானது. அவங்க பெண்கள் பிரிவுல ஷார்ட் புரோகிராம் (குறு ஆட்டம்), ஃப்ரீ ஸ்கேட் (நீண்ட ஆட்டம்) ரெண்டுலயும் முதலிடம். ஒவ்வொண்ணுக்கும் 10. அந்த 20-ஐக் கழிச்சா 54. இதுவரைக்கும் புரியுது.

ஆனா வரிசையில முதல் ஆளை எடுத்துட்டா ரெண்டாவது ஆள் முதல் ஆள் ஆகணும். கனடாவோட மேடலின் ஷிசாஸ் ரெண்டு சுற்றுலயும் மூணாவது. அவங்களை ஒவ்வொரு படி ஏத்தினா கனடா 55, ஆர்ஓசி 54. வெண்கலம் கை மாறிடும். ஏன் ஏத்தல? விதி எண்ணோட யாராவது விளக்கணும்.

#2 ஏட்டுக்கணக்கு

விதிக்குப் போகும் முன் முழு ஏட்டையும் விரித்து வைத்துக்கொள்வோம். இல்லாவிட்டால் பேச்சு காற்றில் போகும்.

அணிப் போட்டியில் பத்து நாடுகள். ஆண்கள், பெண்கள், ஜோடி, ஐஸ் டான்ஸ் என நான்கு பிரிவுகள். முதல் கட்டத்தில் (ஷார்ட் புரோகிராம்; டான்ஸில் அதன் பெயர் ரிதம் டான்ஸ்) ஒவ்வொரு பிரிவிலும் முதலிடத்துக்கு 10, அடுத்ததற்கு 9 என்று இறங்கி வரும். கூட்டுத்தொகையில் முதல் ஐந்து நாடுகள் மட்டும் இரண்டாம் கட்டமான ஃப்ரீ ஸ்கேட்டுக்குப் (டான்ஸில் ஃப்ரீ டான்ஸ்) போகும். அங்கே 10-இல் தொடங்கி 6-இல் முடியும். முதல் கட்டப் புள்ளிகள் அழியாமல் கூடவே வரும்.

கீழே ஒவ்வொரு அணிக்கும் வரிசை இப்படி: ஆண்கள், டான்ஸ், ஜோடி, பெண்கள்.

ஆர்ஓசி: முதல் கட்டம் 8, 9, 9, 10 = 36. இரண்டாம் கட்டம் 9, 9, 10, 10 = 38. மொத்தம் 74.
அமெரிக்கா: 10, 10, 8, 6 = 34. பிறகு 8, 10, 6, 7 = 31. மொத்தம் 65.
ஜப்பான்: 9, 4, 7, 9 = 29. பிறகு 10, 6, 9, 9 = 34. மொத்தம் 63.
கனடா: 3, 7, 6, 8 = 24. பிறகு 6, 8, 7, 8 = 29. மொத்தம் 53.
சீனா: 6, 5, 10, 1 = 22. பிறகு 7, 7, 8, 6 = 28. மொத்தம் 50.

இப்போது வெண்தளம் கேட்டதைச் செய்து பார்க்கலாம். பெண்கள் ஷார்ட்டில் வலியேவாவை எடுத்துவிட்டால் ஜப்பானின் வகாபா ஹிகுச்சி 9-லிருந்து 10, ஷிசாஸ் 8-லிருந்து 9, அமெரிக்காவின் கேரன் சென் 6-லிருந்து 7. ஃப்ரீயில் ஜப்பானின் கவோரி சகமோட்டோ 10, ஷிசாஸ் 9, கேரன் சென் 8. வலியேவாவுக்குக் கீழே இருந்த நான்கு அணிகளுக்கும் தலா 2 புள்ளி கூடும்: அமெரிக்கா 67, ஜப்பான் 65, கனடா 55, சீனா 52. ஆர்ஓசி 54-இலேயே நிற்கும். ஆகவே கணக்கில் பிழை இல்லை, நீங்கள் சொன்னது சரி. தங்கமும் வெள்ளியும் எந்த வழியில் போனாலும் மாறாது. மூன்றாம் இடம் ஒன்றுதான் முறையைப் பொறுத்து ஆடுகிறது.

#3 பனிமலர்

ஒரு அடிப்படைச் சந்தேகம். ஃப்ரீ ஸ்கேட்டில் வலியேவா 178.92, சகமோட்டோ 148.66. இடைவெளி 30.26. இவ்வளவு பெரிய வித்தியாசத்துக்கு அணிக் கணக்கில் ஒரே ஒரு புள்ளிதானா? மதிப்பெண்களை நேரடியாகக் கூட்டினால் என்ன?

#4 குவாட்சால்கோ

கூட்டினா பிரிவுகளுக்குள்ள எடை சமமா இருக்காது பனிமலர். அந்த சீசன்ல ஆண்கள் ஃப்ரீயில காம்பொனென்ட் மதிப்பெண் (ஸ்கேட்டிங் திறன், கலைநயத்துக்கானது) உச்சம் 100. பெண்களுக்கு 80. ஐந்து காம்பொனென்ட், ஒவ்வொண்ணும் பத்துக்கு. ஆண்களுக்குப் பெருக்கல் 2.0, பெண்களுக்கு 1.6. இதுக்கு மேல ஆண்கள் தரப்புல குவாட் ஜம்ப் (காத்துல நாலு சுற்று) நிறைய. அதனாலதான் அணிப் போட்டியில ஆண்கள் ஃப்ரீயில முதல் வந்த ஜப்பானின் யூமா ககியாமாவுக்கு 208.94, பெண்கள்ல ரெண்டாவது சகமோட்டோவுக்கு 148.66. ரெண்டையும் அப்படியே கூட்டினா ஆண்கள் பிரிவே பதக்கத்தைத் தீர்மானிச்சிடும். இடத்தைப் புள்ளியா மாத்தினா நாலு பிரிவுக்கும் ஒரே எடை.

இதுல ஒரு விலை இருக்கு. பெரிய வெற்றியும் நூலிழை வெற்றியும் ஒண்ணாயிடும். அதே போட்டியிலிருந்தே பாருங்க:

ஜோடி ஷார்ட்: சுய்–ஹான் (சீனா) 82.83, மிஷினா–கல்யாமோவ் (ஆர்ஓசி) 82.64. வித்தியாசம் 0.19. ஒரு புள்ளி.
ஃப்ரீ டான்ஸ்: சாக்–பேட்ஸ் (அமெரிக்கா) 129.07, சினிட்சினா–கட்சலபோவ் (ஆர்ஓசி) 128.17. வித்தியாசம் 0.90. ஒரு புள்ளி.
பெண்கள் ஃப்ரீ மூணாம் இடம்: ஷிசாஸ் 132.04, கேரன் சென் 131.52. வித்தியாசம் 0.52. ஒரு புள்ளி.

கனடா இன்னைக்கும் 53-54ன்னு ஒரு புள்ளியில நிக்குது. அதனால இந்த 0.52 மாதிரி இடைவெளிகளைத்தான் நாம கவனிக்கணும். ஷிசாஸ் அங்க ஒரு ஜம்ப்ல சறுக்கியிருந்தா கனடாவுக்கு இந்த வாதமே கிடைச்சிருக்காது: நாலாவதா வந்து 7 வாங்கி, மொத்தம் 52. வலியேவாவை எடுத்து ஏத்தினாலும் 54-54 சமன்தான்.

ஒரு விழுதல் எவ்வளவு தின்னும்னு தெரிஞ்சா இது இன்னும் உறைக்கும். டிரிபிள் லூப்னு ஒரு மூணு சுற்று ஜம்ப்; அடிப்படை மதிப்பு 4.90. விழுந்தா தர மதிப்பு மைனஸ் 5; ஒவ்வொரு படியும் அடிப்படையில 10 சதவீதம், ஆக 2.45 போச்சு. விழுந்ததுக்குத் தனியா 1.00 கழிவு. சுற்று முழுசா இருந்தாலும் மிச்சம் 1.45. சுத்தமா இறங்கி பிளஸ் 2 வாங்கியிருந்தா 5.88 வந்திருக்கும். ஒரே ஜம்ப்ல 4.43 வித்தியாசம். சுற்று கால் வட்டத்துக்கு மேல குறைஞ்சா அடிப்படையே 80 சதவீதமாயிடும். அரை வட்டம் குறைஞ்சா ஒரு சுற்று குறைஞ்ச ஜம்பாவே கணக்கு. 9.70 மதிப்புள்ள நாலு சுற்று சால்கோ அப்படி வெறும் 4.30 ஆகும்.

வலியேவா அந்த ஃப்ரீயில சால்கோ குவாட், டிரிபிள் ஆக்சல், டோ லூப் குவாட் காம்பினேஷன் மூணையும் இறக்கினாங்க. ஒலிம்பிக்கில ஒரு பெண் குவாட் இறக்கினது அதுதான் முதல் முறை. இன்னொரு டோ லூப் குவாட்ல விழுந்தும் 30 புள்ளி முன்னிலை. அது பின்னாடி மொத்தமா அழிஞ்சது வேற கதை.

#5 திருச்சிதடகளம்

ஸ்கேட்டிங் எனக்கு அதிகம் தெரியாது, தடகளம் தெரியும். ஜகார்த்தா 2018 ஆசிய விளையாட்டில் 4×400 கலப்புத் தொடர் ஓட்டம் நினைவிருக்கும். பஹ்ரைன் முதல், இந்தியா இரண்டாவது. பஹ்ரைன் அணியின் கெமி அடெகோயா ஊக்கமருந்தில் சிக்கியதும் நான்கு பேர் ஓடிய ஓட்டமும் சேர்ந்தே செல்லாமல் போய், 2020-இல் இந்தியாவுக்குத் தங்கம் என்று ஆனது. முகமது அனஸ், பூவம்மா, ஹிமா தாஸ், நம்ம ஆரோக்கிய ராஜீவ். உசைன் போல்ட்டின் 2008 தொடர் ஓட்டத் தங்கமும் நெஸ்டா கார்ட்டரால் அப்படித்தான் போனது.

அங்கே ஒருவர் தவறினால் அணியே வெளியே. இங்கே அணி 54 புள்ளியோடு வெண்கல இடத்தில் நிற்கிறது. இது எப்படி?

#6 நடுவர்மேசை

நல்ல ஒப்பீடு. வேறுபாடு அங்கேயே இருக்கிறது.

தொடர் ஓட்டத்தில் அணிக்கு ஒரே நேரம்தான். நால்வரில் ஒருவர் ஓடிய 400 மீட்டரைப் பிரித்து எடுத்துவிட்டால் மிச்சத்துக்கு அர்த்தமில்லை. அதனால் ஒருவரின் தகுதி நீக்கம் தொடர் அணி முழுவதையும் நீக்கும் என்று தடகள விதியிலேயே எழுதியிருக்கிறார்கள்.

ஸ்கேட்டிங் அணிப் போட்டி எட்டுத் தனித்தனி ஆட்டங்களின் கூட்டல். ஒலிம்பிக் ஊக்கமருந்து விதிகளில், இயல்பிலே அணி விளையாட்டு அல்லாத, ஆனால் அணிக்குப் பரிசு தரும் போட்டிகளுக்கு என்ன செய்வது என்பதை அந்தந்தச் சர்வதேசக் கூட்டமைப்பின் விதிக்கே விட்டிருக்கிறார்கள். ஆக முடிவு சர்வதேச ஸ்கேட்டிங் ஒன்றியத்திடம், அதாவது ஐஎஸ்யு-விடம், வந்து விழுந்தது. 2024 ஜனவரி 29 அன்று விளையாட்டு நடுவர் மன்றம் வலியேவாவுக்கு 2021 டிசம்பர் 25 முதல் நான்கு ஆண்டுத் தடை விதித்தது. அந்த டிசம்பர் 25 தொட்டு அவர் பெற்ற முடிவுகள் எல்லாம் ரத்து. மறுநாளே ஐஎஸ்யு புதுப் பட்டியலை வெளியிட்டது. மற்ற ஐந்து ரஷ்யர்கள் மீது குற்றம் எதுவும் இல்லை. மார்க் கொண்ட்ராட்யுக்கின் 8-உம் 9-உம், மிஷினா–கல்யாமோவின் 9-உம் 10-உம், சினிட்சினா–கட்சலபோவின் இரண்டு 9-களும் அவர்கள் ஆடிப் பெற்றவை. அவற்றைக் கூட்டினால் 54.

அணியை வைத்துக்கொண்டதில் எனக்கு மறுப்பு இல்லை. மேலே நகர்த்தாததுதான் இடிக்கிறது.

#7 வெண்தளம்

அதே இடத்துலதான் எனக்கும் இடிக்குது. தனிநபர் பெண்கள் போட்டியில வலியேவா 224.09 எடுத்து நாலாவதா வந்தாங்க. ரத்தானதும் அஞ்சாவதா இருந்த ஹிகுச்சி நாலாவது ஆனாங்க, அவங்களுக்குக் கீழே இருந்தவங்க எல்லாரும் ஒவ்வொரு படி ஏறினாங்க. அதே ஒலிம்பிக், அதே ஸ்கேட்டர், அதே ஒன்றியம். ஒரு போட்டியில நகர்த்துறாங்க, இன்னொண்ணுல நகர்த்தல.

#8 நடுவர்மேசை

கனடா எடுத்து வைத்த வாதமும் இதுவே. அவர்கள் பிடித்தது ஐஎஸ்யு சிறப்பு விதிகளில் 353, பத்தி 4. தகுதி நீக்கப்பட்டவருக்குக் கீழே முடித்தவர்கள் அதற்கேற்ப மேலே நகர்வார்கள் என்று அதில் இருக்கிறது.

ஐஎஸ்யு தரப்பு அதை இப்படிப் படித்தது: அந்த வரி ஒரு போட்டியின் இறுதி வரிசையைப் பற்றியது, அணிப் போட்டிக்குள் ஒவ்வொரு பிரிவுக்கும் தரும் புள்ளிகளை மறுபடி பங்கிட வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. எழுதாததைச் செய்தால் அணிகளுக்கு இடையிலான வரிசை குலையக்கூடும்.

கனடா மேல்முறையீடு செய்தது. ரஷ்யத் தரப்பும் தங்கத்தைத் திரும்பக் கேட்டுத் தனியாகப் போனது. 2024 கோடையில் இரண்டையும் நடுவர் மன்றம் தள்ளுபடி செய்தது. நடுவர் மன்றத்தில் விஷயம் அங்கே முடிந்தது. விதி நன்றாக எழுதப்பட்டதா என்பது வேறு கேள்வி. என் பார்வையில் இல்லை. இடத்தைப் புள்ளியாக மாற்றும் போட்டியை 2014 சோச்சி முதல் நடத்துகிறார்கள். நடுவில் ஒருவர் நீக்கப்பட்டால் என்ன என்பதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.

#9 ஏட்டுக்கணக்கு

“அணிகளுக்கு இடையிலான வரிசை குலையக்கூடும்” என்ற ஐஎஸ்யு வாதத்தை வெறும் சாக்கு என்று தள்ளிவிடக் கூடாது. அது எங்கே உண்மையாகிறது என்று எண்ணிப் பார்த்தேன்.

வலியேவாவை மட்டும் எடுத்தால் எல்லோருக்கும் சரியாக 2 கூடுகிறது. காரணம், அவர் இரண்டிலும் முதலிடம். அனைவரும் அவருக்குக் கீழே. இந்த வழக்கில் மற்ற அணிகளுக்குள் எதுவும் குலையவில்லை.

திருச்சிதடகளம் சொன்ன மாதிரி ஆர்ஓசி அணியையே முழுதாக எடுத்துவிட்டுப் பாருங்கள். எட்டு ஆட்டங்களில் ஆர்ஓசிக்குக் கீழே முடித்த ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி கூடும், மேலே முடித்தவற்றுக்குக் கூடாது.

அமெரிக்கா மூன்றில் ஆர்ஓசிக்கு மேலே: ஆண்கள் ஷார்ட்டில் நேதன் சென், ரிதம் டான்ஸில் ஹபல்–டோனஹியூ, ஃப்ரீ டான்ஸில் சாக்–பேட்ஸ். மீதி ஐந்துக்கு +5, ஆக 70.
ஜப்பான் இரண்டில் மேலே: ஆண்கள் ஷார்ட்டில் ஷோமா ஊனோ, ஃப்ரீயில் ககியாமா. மீதி ஆறுக்கு +6, ஆக 69.
கனடா எட்டிலும் கீழே: +8, ஆக 61.
சீனா ஜோடி ஷார்ட்டில் மட்டும் மேலே: +7, ஆக 57.

65-63 என்ற இடைவெளி 70-69 ஆகச் சுருங்குகிறது. ஸ்கேட்டர்கள் பனியில் செய்தது எதுவும் மாறவில்லை, மூன்றாம் அணியை எடுத்ததற்கே முதல் இரண்டு அணிகள் நெருங்கிவிட்டன. இன்னொரு ஆட்டத்தில் இடம் வேறு மாதிரி விழுந்திருந்தால் தங்கமே சமனுக்கு வந்திருக்கும். இடப்புள்ளி முறையின் இயல்பு இது: உன் புள்ளி உன் ஆட்டத்தை மட்டும் சார்ந்ததல்ல, பக்கத்தில் யார் நின்றார்கள் என்பதையும் சார்ந்தது.

இன்னொரு சிக்கல். ஆர்ஓசியை முழுதாக எடுத்தால் முதல் கட்டத்தில் ஆறாவது வந்த நாடு இரண்டாம் கட்டத்துக்கு வந்திருக்க வேண்டும். அவர்கள் அங்கே ஆடவே இல்லை. ஆடாத ஆட்டத்துக்கு எந்த முறையாலும் புள்ளி போட முடியாது.

#10 பனிமலர்

ஏட்டுக்கணக்கு சொல்வது முழு அணி நீக்கத்துக்குப் பொருந்தும். நடந்தது அது இல்லையே. ஒருவர் நீக்கம், எல்லோருக்கும் சமமாக +2. அங்கே எந்தச் சிக்கலும் வரவில்லை என்று நீங்களே காட்டிவிட்டீர்கள்.

அதே போட்டியிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. ஆண்கள் ஷார்ட்டில் உக்ரைனின் இவான் ஷ்முராட்கோ கொரோனா பாசிட்டிவ் ஆகி ஆடவில்லை. ஒன்பது பேர்தான் ஆடினார்கள். ஜோடி ஷார்ட்டில் ஜெர்மனியின் ஜோடி இல்லை, அங்கேயும் ஒன்பது. இரண்டிலும் முதலிடத்துக்கு 10-இல் தொடங்கி 2-இல் முடித்தார்கள். அதாவது புள்ளி எண்ணுவது மேலிருந்து, ஆடியவர்களை மட்டும் வைத்து. ஆடாதவருக்கு ஒரு இடத்தைக் காலியாக விட்டு எண்ணவில்லை.

முடிவே ரத்தானவர் ஆடாதவருக்குச் சமம் என்று கொண்டால், பெண்கள் ஷார்ட்டிலும் ஒன்பது பேர், 10 ஹிகுச்சிக்குப் போக வேண்டும். இப்போது உள்ள பட்டியலில் பெண்கள் பிரிவின் இரண்டு 10-களும் யாரிடமும் இல்லை. முதலிடம் இல்லாத ஆட்டம் இரண்டு.

#11 குவாட்சால்கோ

பனிமலர் சொன்ன கடைசி வரி எனக்கு இதுவரை தோணல. ரெண்டு ஆட்டத்துல முதலிடம் காலி. இது வலுவான பாயிண்ட்.

#12 நடுவர்மேசை

வலுவானதுதான். எதிர்ப்பக்கம் சொல்லக்கூடியது ஒன்று: கொரோனாவால் வராதவர் ஆட்டம் தொடங்கும் முன்பே இல்லை. எல்லா அணிகளும் அதைத் தெரிந்துகொண்டே அடுத்த அடி வைத்தன. வலியேவா விஷயம் அப்படி இல்லை. முதல் கட்டம் முடிந்த பின் இரண்டு பிரிவுகள் வரை ஆளை மாற்றலாம். அமெரிக்கா நேதன் சென்னுக்குப் பதில் வின்சென்ட் ஜோவையும், ஹபல்–டோனஹியூவுக்குப் பதில் சாக்–பேட்ஸையும் இறக்கியது. ஜப்பான் ஊனோவுக்குப் பதில் ககியாமா, ஹிகுச்சிக்குப் பதில் சகமோட்டோ. ஆர்ஓசி யாரையும் மாற்றவில்லை. அன்றைய பலகையில் வேறு எண்கள் இருந்திருந்தால் ஒவ்வொரு அணியும் யாரை ஓய்வெடுக்க விடுவது என்று வேறு முடிவு எடுத்திருக்கலாம். முடிந்த ஆட்டத்தில் பின்னால் போய்ப் புள்ளி சேர்ப்பது அந்த முடிவுகளையும் தொடும்.

ஆனால் 20 புள்ளியைக் கழிப்பதும் பின்னால் போய்த் தொடுவதுதானே. அதனால் இந்தப் பதில் எனக்கே முழுத் திருப்தி தரவில்லை.

#13 திருச்சிதடகளம்

மாதிரி எடுத்தது டிசம்பர் 25, போட்டி முடிந்தது பிப்ரவரி 7. நடுவில் ஆறு வாரம். முடிவு முன்பே வந்திருந்தால் இத்தனையும் தேவைப்பட்டிருக்காதே?

#14 வெண்தளம்

வந்திருக்கணும். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல ரஷ்ய தேசியப் போட்டியின்போது எடுத்த மாதிரி அது. சோதிச்சது ஸ்டாக்ஹோம் ஆய்வகம். கொரோனாவால ஆள் பற்றாக்குறை, அறிக்கை தாமதமாச்சு. டிரைமெட்டாசிடின் (தடை செஞ்ச இதய மருந்து) இருந்ததா முடிவு வந்தது பிப்ரவரி 8. அணிப் போட்டி முடிஞ்ச மறுநாள். பதக்க விழா நடக்க வேண்டிய நாளும் அதுவே, அதனால விழா நின்னுடுச்சு.

அப்புறம் பிப்ரவரி 14-ல் நடுவர் மன்றத்தோட ஒலிம்பிக் அமர்வு அவங்களைத் தனிநபர் போட்டியில ஆட விட்டது. வயசு 15, அதனால விதிப்படி பாதுகாக்கப்பட்ட நபர். தனிநபர் ஃப்ரீயில வழக்கமா 24 பேர்; அவங்க முடிவு பின்னாடி ரத்தாகலாம்னு இன்னொருத்தருக்கு இடம் கொடுத்து 25 பேர் ஆடினாங்க. கவனிங்க: தனிநபர் போட்டியில அந்த வாய்ப்பை முன்கூட்டியே யோசிச்சு ஏற்பாடு பண்ண முடிஞ்சது. அணிப் போட்டியில அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருந்தது.

2023 ஜனவரியில ரஷ்ய ஒழுங்குக் குழு அவங்க மேல தவறில்லைன்னு சொல்லி, மாதிரி எடுத்த நாளோட தேசியப் போட்டி முடிவை மட்டும் ரத்து பண்ணுச்சு. அதை எதிர்த்து உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையும் ஐஎஸ்யு-வும் போனதுலதான் 2024 தீர்ப்பு.

வயசு விஷயத்துல மட்டும் ஒன்றியம் சீக்கிரம் நகர்ந்தது. 2022 ஜூன்லயே சீனியர் போட்டிக்குக் குறைஞ்சபட்ச வயசை 15-லிருந்து படிப்படியா 17 ஆக்க வாக்களிச்சாங்க.

#15 பனிமலர்

பதக்கம் கடைசியில் எப்போது கொடுத்தார்கள்?

#16 ஏட்டுக்கணக்கு

2024 ஆகஸ்ட் 7, பாரிஸ் கோடைக்கால ஒலிம்பிக் நடுவில், ஈஃபிள் கோபுரத்துக்கு எதிரே சாம்பியன்ஸ் பார்க்கில். அமெரிக்காவின் ஒன்பது பேருக்குத் தங்கம், ஜப்பானின் எட்டுப் பேருக்கு வெள்ளி. இரண்டரை ஆண்டு கழித்து. பனியில் வாங்க வேண்டியதை ஆகஸ்ட் வெயிலில் வாங்கினார்கள். வெண்கல இடத்துக்கு அந்த மேடையில் யாரும் ஏறவில்லை.

55 என்று கணக்கு வந்திருந்தால் அங்கே நின்றிருக்க வேண்டிய கனடா அணியினரின் பெயரையும் இந்த இழையில் பதிந்து வைக்கிறேன்: மேடலின் ஷிசாஸ், ரோமன் சடோவ்ஸ்கி, பைப்பர் கிலெஸ், பால் புவாரியே, கர்ஸ்டன் மூர்-டவர்ஸ், மைக்கேல் மரினாரோ, வனெஸா ஜேம்ஸ், எரிக் ராட்ஃபோர்ட்.

#17 குவாட்சால்கோ

அந்த எட்டுல சடோவ்ஸ்கி பேரைப் பார்த்ததும் ஏட்டுல ஆண்கள் ஷார்ட்டைத் திரும்பப் பார்த்தேன். 71.06, ஒன்பது பேர்ல எட்டாவது, 3 புள்ளி. அங்க ரெண்டு இடம் மேல வந்திருந்தா கனடாவுக்கு 55, யாரையும் நகர்த்தாமலே.